தூரதேசத்துத் துயரத்துக்காக ஞாயிறு ஆராதனைப் பாடல்களைத் தயார் செய்வது எப்படி?

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம். மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம். ஞாயிறு ஆராதனைக்கான பாடல் பட்டியலை எங்கள் கொயருக்கு வியாழனே அனுப்பியிருந்தேன். சனி மாலை ஒத்திகைக்குள் அதை முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. அப்போது கற்றுக்கொண்டதை, புதிதாகப் பாடல் நடத்த வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதிவைக்கிறேன். சுருதி சேர்ப்பது, பாகம் பிரிப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

1. பாட்டைத் தேடும் முன் செய்தியைப் படியுங்கள்

அரை மணி நேரம் போதும். மண்டலே, சகாயிங் என்று ஊர்ப்பெயர்களைக் குறித்துக்கொண்டு, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அங்கே உள்நாட்டுப் போர் நடக்கிறது. வீடிழந்து அலைந்தவர்கள் மீதுதான் இந்த இடியும் விழுந்தது. அன்று ரமலான் மாதத்தின் கடைசி வெள்ளி. தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. புத்த மடாலயங்களும் சரிந்தன. ஜெபக் குறிப்பில் "அங்குள்ள விசுவாசிகளுக்காக" என்று எழுதியிருந்தேன். இதைப் படித்ததும் அந்த வரியை அடித்துவிட்டு, "அங்குள்ள எல்லோருக்காகவும்" என்று எழுதினேன்.

2. ஒவ்வொரு வரியையும் சோதியுங்கள்

நான் தடுமாறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பூமி நிலைமாறினாலும் பயப்படோம் என்று வரும், வேதாகமத்தின் 46-ஆம் சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். நிலநடுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது என்று நினைத்தேன். ஒத்திகையில் பாதியிலேயே எங்கள் கொயரில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் பாகம்) பாடும் அம்மா ஒருவர் பாடுவதை நிறுத்திவிட்டார். 1960-களில், பர்மாவில் (இன்றைய மியான்மர்) ராணுவ அரசு கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவருடையது. "தம்பி, நம்ம காலுக்குக் கீழே தரை ஆடலையே. ஆடினவங்க பாடவேண்டிய வரியை நாம எடுத்துப் பாடலாமா?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. அப்புறம் பட்டியலில் மிச்சமிருந்த பாடல்களையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். "எங்களைப் பாதுகாத்தீரே" என்று ஒரு நன்றிப் பாடல். அப்படியானால் மண்டலேயில் இருப்பவர்களைக் காக்கவில்லையா? நாம் அப்படி நினைத்துப் பாடாவிட்டாலும் கேட்கிறவர் காதில் அப்படித்தான் விழும்.

அன்றிலிருந்து என் சோதனை இதுதான்: சகாயிங்கில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், அவர் முகத்தைப் பார்த்து இந்த வரியைப் பாடுவேனா? மாட்டேன் என்றால் அந்த வரி வேண்டாம்.

"எங்கள்" என்ற சொல்லையும் கவனியுங்கள். கெஞ்சும் வரியில் "அவர்களுக்கு இரங்கும்" என்பதைவிட "எங்களுக்கு இரங்கும்" என்று பாடுவது நல்லது. அவர்களோடு நின்று கேட்பதாகிறது. பாதுகாப்பைச் சொல்லும் வரியில் அதே "எங்கள்" அவர்களை வெளியே தள்ளிவிடும்.

3. புலம்பலைத் தேர்ந்தெடுங்கள்

சங்கீதம் 13, 88, 130. மூன்றில் 88 இருளிலேயே முடிகிறது. அதற்குப் பின்னால் ஆறுதல் பல்லவி ஒன்றைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். வசனத்தை ஒருவர் வாசிக்க, சபையார் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடினால் போதும்.

4. இசை

கீபோர்டில் தானாக ஒலிக்கும் ஸ்டைல், ரிதம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். என் விருப்பம் சுருதிப்பெட்டி மட்டும்தான். பின்னால் நீண்டு ஒலிக்கும் மெல்லிய பேட் (pad) ஒலியைக்கூட நான் வைப்பதில்லை, அது சோகத்தைச் சினிமாப் பின்னணி ஆக்கிவிடுகிறது. துயரம் என்றதும் முகாரி ராகம் என்பார்கள். ஆனால் புதிதாக ஒரு மெட்டைச் சபையார் எட்டிப் பிடிக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்த பழைய கீர்த்தனை மெட்டே மேல். வழக்கமாக டி-யில் பாடுவதை சி-க்கு இறக்குங்கள், தொண்டை அடைத்தவர்களும் கூடப் பாடலாம்.

5. மௌனம்

ஊர்ப்பெயர்களை வாசித்தபின் ஒரு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தே கணக்கிடுங்கள், மனக்கணக்கில் இருபது நொடியே ஒரு நிமிடமாகத் தோன்றும். முதல் முறை எங்கள் கீபோர்டு தம்பி பாதியில் வாசிக்க ஆரம்பித்துவிட்டான். கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள்.

6. திரை

இடிபாடுகள், உடல்கள் எதுவும் வேண்டாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

பின்சேர்க்கை: "கடைசிப் பாடல் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று கமிட்டி சொல்கிறது, என்ன செய்வது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆயரிடம் முன்னதாகவே பேசுங்கள். நாங்கள் கடைசிப் பாடலையே விட்டுவிட்டு, ஆசீர்வாதத்தோடு அமைதியாகக் கலைந்தோம். காணிக்கை எங்கே போகிறது என்பதை மட்டும் வாசலில் எழுதி ஒட்டியிருந்தோம்.

இன்னொன்று: திரையில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, சனிக்கிழமையே ஆலயத்துக் கணினியில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பாருங்கள். ஊர்ப்பெயர்கள் இருக்கும் பக்கத்தை இரண்டு முறை பாருங்கள்.