மூட்டுவலியோடு பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குவது எப்படி?

முடக்குவாதம் வந்த பிறகுதான் நான் கேமராவைக் கையில் எடுத்தேன். காலையில் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்ததால் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்த நாள்களில், செம்பருத்திக்கு வந்த ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒன்று பூவின் வாய்வழியாக அலகை நுழைக்காமல், அடிப்பக்கத்தில் துளையிட்டுத் தேனை உறிஞ்சுவதைப் பார்த்தேன். அதைப் படமாக்கிவிட வேண்டும் என்று தோன்றிய ஆசை இன்றுவரை என்னை விடவில்லை. வலியோடு வாழும் இன்னொருவர் இதில் இறங்குவதற்கு, நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது நேரத்தை, கேமரா பிறகுதான். வலி வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஏனெனில் பறவையின் மேல் கவனம் இருக்கும்போது வலி தாமதமாகவே தெரியும், மறுநாள் முழுவதும் அதை அனுபவிக்க நேரிடும். நான்கைந்து நாள்களுக்கு, எத்தனை நிமிடம் கேமராவைப் பிடித்தால் மறுநாள் வலி கூடவில்லை என்று குறித்துவாருங்கள். அதைவிடச் சற்றுக் குறைவான நேரத்துக்கு அலைபேசியில் அலாரம் வையுங்கள். எனக்கு அது 12 நிமிடமாக இருந்தது. அலாரம் அடிக்கும்போது எதிரே மீன்கொத்தி உட்கார்ந்திருந்தாலும் கேமராவை இறக்கிவிட வேண்டும். இந்தக் கலையில் எனக்கு மிகவும் கடினமாக இருந்த பாடம் இதுதான். பழகிய பிறகு, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். மணிக்கட்டுப் பட்டை அணியலாமா என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எடை. லென்ஸின் மி.மீ. எண் கூடக்கூடத் தொலைவிலுள்ள பறவை நெருக்கமாகத் தெரியும்; ஆனால் 600 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸ்கள் பல 2 கிலோ அளவில் இருக்கின்றன. அப்படி ஒன்றை இரவல் வாங்கிப் பிடித்துப் பார்த்த மறுநாள் என்னால் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. கேனான் ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்ஸ் 635 கிராம்தான். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேனான் கேமராவில் அது 640 மி.மீ. லென்ஸ் அளவுக்கு நெருக்கமான காட்சியைத் தரும். முழு ஜூமில், ஒளி நுழையும் அதன் துளை எஃப்/8 என்ற சிறிய அளவுக்குக் குறுகுவதால் நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எடையைக் கையிலிருந்து இறக்கிவிடுங்கள். பழைய துணிப்பையில் ஒரு கிலோ பச்சைப்பயறு போட்டுத் தைத்து, பால்கனிச் சுவரிலோ கார் சன்னலிலோ வைத்தால் லென்ஸ் அதில் அசையாமல் படுத்துக்கொள்ளும். கை அறவே ஒத்துழைக்காத நாளில், நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, முக்காலியில் நிற்கும் கேமராவின் ஃபோகஸை அந்தக் குச்சியில் பொருத்திவிட்டு, நாற்காலியில் இருந்தபடியே அலைபேசிச் செயலி வழியாக ஷட்டரை இயக்குங்கள். கொண்டைக்குருவி குச்சியில் இறங்கி, இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் சட்டிக்குத் தாவும். அந்த ஒரு நொடி உங்களுக்குப் போதும்.

அமைப்புகள் எளியவை. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கி, நகரும் பறவையைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸ், பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் விலங்குக் கண் கண்டறிதல். இவற்றை இரண்டு தொகுப்புகளாகச் சேமித்துவைத்தால் சக்கரங்களைத் திரும்பத் திரும்பத் திருக வேண்டியதில்லை.

வெளியே போகத் துணிவு வந்ததும், விடியற்காலைதான் சிறந்தது என்ற அறிவுரையைக் கேட்டு உடலை வதைக்காதீர்கள். மாலை நான்கரைக்கு மேல் வரும் சாய்ந்த வெளிச்சமும் அழகானதே. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த, சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சாலையோரத்திலிருந்தே நீலத் தாழைக்கோழியைப் பார்க்கலாம். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மாலையில் கூட்டங்கூட்டமாக அடையத் திரும்பும் பறவைகளை ஏரிக்கரையில் உட்கார்ந்தே படமெடுக்கலாம். கூட்டை மட்டும் நெருங்காதீர்கள்; தாய்ப்பறவை விலகிப்போனால் குஞ்சுகள் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும்.

ஒவ்வொரு முறையும் பறவை, நிமிடம், மறுநாள் வலி ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள். என் குறிப்பேட்டின் கடைசி வரி இது: நத்தைகுத்தி நாரை, அலகில் சுள்ளியோடு, 19 நிமிடம், வலி கூடவில்லை.