சைக்கிள் டூருக்கு லைட்வெயிட் டென்ட் வாங்கப் போறீங்களா, கிராம் கணக்குக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

நமக்கு ஊரு செங்கோட்டை. காலைல கெளம்பி புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறினா ஆரியங்காவு, அப்படியே எறங்கினா தென்மலை, புனலூர், அதனால கேரளா பக்கம் சைக்கிள்ல போறது நமக்கு பக்கத்து வீட்டுக்குப் போற மாதிரி. இந்த ரூட்ல போறவங்க நெறைய பேர் என்கிட்ட கேக்கறது எந்த டென்ட் வாங்கலாம்னுதான், அதுவும் முதல் கேள்வியே எத்தன கிராம்னு இருக்கும்.

வெயிட் முக்கியம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நீங்க 70 கிலோ, சைக்கிள் 15, சாமான் 15, மொத்தம் 100 கிலோ. ஏத்தத்துல 1 கிலோ கொறச்சா நேரமும் ஏறக்குறைய நூத்துல ஒரு பங்குதான் கொறையும், ஒரு மணி நேரம் ஏற்ற எடத்துல அரை நிமிஷம் சொச்சம். முதுகுல தூக்கிட்டு நடக்கறவனுக்கு 300 கிராம் தோள்ல தெரியும், நமக்கு கேரியர் தூக்குது. ஒரு ஆளுக்கு ஒன்றரை கிலோ, ரெண்டு பேருக்கு ரெண்டு கிலோ சொச்சம் இருந்தா தாராளமா போதும், அதுக்குக் கீழ கொறைக்கணும்னு பத்தாயிரம் பதினஞ்சாயிரம் கூடக் குடுக்காதீங்க, அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்க. இன்னொன்னு, மினிமம் வெயிட்னு போட்டிருந்தா அதுல பெக்கு (தரையில அடிக்கிற முளை), கயிறு, பை எதுவும் சேராது, எல்லாம் சேத்த பேக்டு வெயிட் எவ்வளவுன்னு பாருங்க.

வெயிட்ட விட சைக்கிள்காரங்க பாக்க வேண்டியது போல், அதாவது டென்ட்ட தூக்கி நிறுத்தற கம்பி, மடிச்சா எவ்வளவு நீளம்ங்கறது. சாதாரண டென்ட்ல போல் 40, 45 சென்டிமீட்டர் வரும். டிராப் ஹேண்டில்பார், அதாவது கீழ வளைஞ்ச ஹேண்டில்பார் வச்சிருக்கிறவங்க இஞ்ச் டேப்ப எடுத்து ரெண்டு வளைவுக்கும் உள்ள அளந்து பாருங்க, 40 சென்டிமீட்டர் கிட்டதான் வரும், அதுலயும் பிரேக் கேபிளுக்கு எடம் விடணும், 45 சென்டிமீட்டர் பைய உள்ள திணிச்சா பிரேக் பிடிக்கிற கை தட்டும். எறக்கத்துல அது பெரிய ஆபத்து. பிக் ஆக்னஸ் மாதிரி கம்பெனிங்க இதுக்குன்னே 12 இஞ்ச் போல் போட்டு தனி மாடல் விக்கிறாங்க, ஆனா வெல ஜாஸ்தி. கேரியர் இருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல, போல மட்டும் தனியா கேரியர் மேல நீளவாக்குல கட்டிட்டு துணிய பைக்குள்ள அமுக்கிடலாம், நான் அப்படித்தான் செய்யறேன். போல் அலுமினியமா இருக்கட்டும், ஃபைபர்கிளாஸ் வெயிட்டும் ஜாஸ்தி, ஒடைஞ்சா சிலும்பு சிலும்பா பிளக்கும்.

அடுத்து ஃப்ரீஸ்டாண்டிங், அதாவது பெக் அடிக்காமலே தானா நிக்கிற டென்ட். இதுதான் நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியம்னு நான் சொல்லுவேன். ஏன்னா நாம தூங்கறது புல்வெளியில இல்ல. பெட்ரோல் பங்க், கோயில் மண்டபம், சர்ச் வளாகம், யாராவது வீட்டு மொட்டமாடி, எல்லாம் சிமென்ட் தர. ஆரியங்காவுல இருந்து தென்மலை வரைக்கும் ரோட்டோரம் காடுதானேன்னு நெனைக்காதீங்க, அது ரிசர்வ் ஃபாரஸ்ட், அனுமதி இல்லாம உள்ள டென்ட் போடக்கூடாது, யானை நடமாட்டமும் இருக்கு.

என்னோட முதல் டென்ட் ஒரு கிலோவுக்கும் கம்மி, போலே கெடையாது, டிரெக்கிங் குச்சி வச்சு கயித்தால இழுத்துக் கட்டற டைப்பு. புனலூர் தாண்டி ஒரு பங்க்ல எடம் குடுத்தாங்க, தர முழுக்க சிமென்ட், பெக் எங்க எறங்கும், ஒரு பக்கம் சைக்கிள்ல கட்டி இன்னொரு பக்கம் ரெண்டு பெயின்ட் பக்கெட்ல தண்ணி புடிச்சு அதுல கட்டினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு காத்தடிச்சு பக்கெட் சரசரன்னு இழுத்துட்டு வந்து டென்ட் என் மூஞ்சி மேலயே படுத்துடுச்சு. அங்க இருந்த வாட்ச்மேன் சேட்டன் ஒண்ணும் பேசல, பின்னாடி போய் நாலு வெட்டுக்கல்லு தூக்கிட்டு வந்து மூலைக்கு ஒண்ணா வச்சு அவரே கயித்த சுத்திக் குடுத்தார். அதுக்கப்புறம்தான் ரெண்டு போல் குறுக்க போற டோம் டைப்புக்கு மாறினேன், 600 கிராம் கூடுதல், ஒரு நாள் கூட அதுக்காக வருத்தப்பட்டதில்ல. செமி ஃப்ரீஸ்டாண்டிங்னு விக்கறதுல கால் பக்கம் பெக் வேணும், அதுக்கு கல்லு செங்கல் வச்சு சமாளிக்கலாம்.

அதே நேரம் தானா நிக்குதேன்னு கயித்த வீட்லயே வச்சுட்டுப் போயிடாதீங்க. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, கணவாய் வழியா வர்ற காத்து எங்க ஊர்ல சும்மா இல்ல, ஒல்லியான பக்கத்த காத்துக்கு நேரா வச்சு நாலு மூலையும் கட்டணும்.

உள் டென்ட் முழுக்க கொசுவலையா இருக்கறதா பாருங்க. பாதி துணி வச்சது குளிர் நாட்டுக்கு நல்லது, நமக்கு உள்ள வெந்து போயிடும், மூச்சுக்காத்து ஈரம் மேல் துணியில படிஞ்சு காலைல சொட்டும், அத மழை ஒழுகுதுன்னு நெனச்சு டென்ட மாத்தினவங்க இருக்காங்க. உள் வல தனியா இல்லாம ஒரே துணியா வர்ற சிங்கிள் லேயர் வேணவே வேணாம். வல மட்டும் தனியா நிக்கிற மாதிரி இருந்தா மண்டபத்துக்குள்ள அதுவே போதும், மழைக்காலத்துல அட்டையும் உள்ள வராது.

மழைக்கு, மேல் துணி 1500 மில்லிமீட்டர்னா அவ்வளவு ஒசரத் தண்ணி அழுத்தத்த ஒழுகாம தாங்கும்னு அர்த்தம், அது போதும், தரைக்கு நம்ம முட்டி, முழங்கை அழுத்தும்ங்கறதால 3000 இருக்கட்டும். நைலான் ஈரத்துல தொய்யும், ராத்திரி எந்திரிச்சு ஒரு தடவ கயித்த இறுக்கணும், பாலியஸ்டர் அவ்வளவா தொய்யாது, அதனால ஜூன் ஜூலைல போறவங்களுக்கு நான் பாலியஸ்டர்தான் சொல்றேன்.

சைஸுக்கு ஒரு வழி இருக்கு. மொட்டமாடில சாக்பீஸால 210க்கு 90 சென்டிமீட்டர் கட்டம் போட்டு பைங்களையும் பக்கத்துல வச்சு உள்ள படுத்துப் பாருங்க. பை எல்லாம் கோட்டுக்கு வெளிய போகுதுன்னா ரெண்டு ஆள் டென்ட் எடுங்க. ஒசரமும் அப்படித்தான், மழைல மூணு மணி நேரம் உள்ள கெடக்கறப்போ நிமிந்து உக்கார முடியலன்னா இடுப்பு போயிடும்.

கலர் பச்சையோ மண் நெறமோ எடுங்க, ரோட்ல போறவங்க கண்ணுல படாது.

வாங்கினதுக்கு அப்புறம் ஒரே ஒரு வேல, காய வைக்கிறது. டூர் முடிஞ்சு வந்த களைப்புல ஈரத்தோட சுருட்டி பரண்ல போட்டீங்கன்னா, தண்ணி எறங்காம இருக்க உள்ள பூசியிருக்கிற பியூ (பாலியூரிதேன்) கோட்டிங் ஈரத்துல கெட்டுப்போய் பிசுபிசுன்னு ஒட்டும், வாடையும் ஒரு மாதிரி அடிக்கும், தையல் மேல ஒட்டின டேப் உரிஞ்சு கையோட வரும், அப்புறம் சரி பண்ணவே முடியாது. வழியிலயே மத்தியானம் சாப்பிட நிக்கறப்போ நெழல்ல கொடி கட்டி ஒரு அரை மணி நேரம் விரிச்சுப் போடுங்க, வீட்டுக்கு வந்ததும் ஃபேனுக்குக் கீழ ஒரு நாள் முழுக்க போடுங்க.