டெமோமேனின் ஸ்டிக்கி பொறி: எங்கே ஒட்டுவது, எப்போது அழுத்துவது

டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்கிற டீம் ஷூட்டிங் கேமில் வெடிகுண்டுக்காரரான டெமோமேனை எடுக்கிற பல பேர், எதிரி மூஞ்சிக்கு நேரே ஸ்டிக்கிகளை, அதாவது பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிற குண்டுகளை, வீசிக்கொண்டே ஓடுவார்கள். அதுவும் ஒரு ஆட்டம்தான், தப்பில்லை. ஆனால் தற்காக்கிற டீமில் இருந்தால், முக்கியமாக டஸ்ட்போல் மாதிரி குறுகலான வழிகள் உள்ள மேப்பில், பொறி வைக்கத் தெரிந்த ஒரே ஆள் ஒரு வழியையே அடைத்துவிடலாம்.

எலிப்பொறி மாதிரி இது தானாகச் செயல்படாது. யார் மிதித்தாலும் சும்மா கிடக்கும், நீங்கள் ரைட் கிளிக் அழுத்தினால்தான் வெடிக்கும், நீங்கள் செத்தால் ஸ்டிக்கிகளும் காணாமல் போகும். ஆகவே முதலில் நீங்கள் நிற்க ஒரு இடம் பாருங்கள்: வாசல் உங்களுக்குத் தெரியணும், வாசலில் வருகிறவருக்கு நீங்கள் தெரியக்கூடாது.

அப்புறம்தான் ஒட்டுகிற வேலை. வாசலுக்கு நடுவில் தரையில் ஒட்டாதீர்கள், தூரத்திலிருந்தே பார்த்துச் சுட்டு உடைத்துவிடுவார்கள், நெருப்பு வீசுகிற பைரோ இருந்தால் ஏர்பிளாஸ்ட், அதாவது காற்று, அடித்தே தள்ளிவிடுவார். வாசலைத் தாண்டி உள்ளே வந்தவருக்கு முதுகுப் பக்கமாக வருகிற சுவரில், நிலைக்குச் சற்று மேலே ஒட்டுங்கள். எதிரே உங்கள் டீமின் சென்ட்ரி (தானாகச் சுடும் துப்பாக்கி) சுட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் திரும்பி மேலே பார்ப்பதில்லை. ரொம்ப உயரமும் வேண்டாம், தள்ளிப்போகப் போக அடி குறையும்.

ஒரே நேரத்தில் எட்டுதான் வைக்கலாம், ஒன்பதாவதைச் சுட்டால் முதலில் வைத்தது வெடித்துவிடும். ஒரு ஸ்டிக்கியின் அடிப்படை அடி 120. பெரிய உடம்புக்கார ஹெவிக்கு உயிர் 300, மருத்துவரான மெடிக் ஏற்றிவிட்டால் 450 வரை போகும். கணக்குப் போட்டால் நான்கே போதும் போலத் தெரியும், ஆனாலும் எட்டையும் இரண்டு வாசலுக்குப் பிரித்து வைப்பது வீண், ஒரு பக்கம் வெடிக்க அழுத்தினால் மற்ற பக்கமும் சேர்ந்து போய்விடும். இரண்டு வழியையும் பார்க்க வேண்டுமென்றால் ஸ்காட்டிஷ் ரெசிஸ்டன்ஸ் என்கிற இன்னொரு ஸ்டிக்கி லாஞ்சரை எடுங்கள்: 14 வைக்கலாம், நீங்கள் குறி பார்ப்பவை மட்டும் வெடிக்கும். ஆனால் ஒட்டியபின் வெடிக்கத் தயாராக அதிக நேரம் எடுக்கும், அதனால் நெருங்கிய சண்டையில் கைகொடுக்காது.

சரி, எப்போது அழுத்துவது? முதலில் வேகமாக ஓடுகிற ஸ்கவுட் ஒருத்தர் குதித்துக்கொண்டு வருவார். விரல் துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள், அவரை உங்கள் டீம் பார்த்துக்கொள்ளும். ஹெவியும் அவர் பின்னால் மெடிக்கும் சேர்ந்து வரும்வரை பொறுங்கள், மெடிக் வாசலைத் தாண்டியதும் அழுத்துங்கள். மெடிக் உபர் (கொஞ்ச நேரம் எந்த அடியும் படாத நிலை) போட்டுவிட்டார் என்றால் தொடாதீர்கள், எட்டு வினாடி பின்வாங்கி நின்று, அது தீர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

செத்தவர் திரும்பி வரும்போது முதலில் அந்த நிலையைத்தான் அண்ணாந்து பார்ப்பார். அதனால் அடுத்த முறை இடத்தை மாற்றுங்கள். ஹெல்த் கிட் பக்கத்து மூலை நல்ல இடம், உயிர் குறைந்து ஓடி வருகிறவருக்கு ஒரு ஸ்டிக்கியே போதும். 2ஃபோர்ட் மேப்பில், எதிரி திருட வருகிற இன்டெலிஜென்ஸ் பெட்டியைச் சுற்றி எட்டையும் ஒட்டிவிட்டு ஆட்டம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். செமையாக போரடிக்கும், ஆனால் பெட்டி பத்திரமாக இருக்கும்.