ஒரு முழங்கால் ஊசிக்குப் பணம் வரும் வழி: அமெரிக்க மெடிக்கல் பில்லிங் அடிப்படை

சென்னை, கோவை, திருச்சி என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் அமெரிக்க டாக்டர்களுக்கான கோடிங் (சிகிச்சையைக் குறியீடுகளாக மாற்றுவது), பில்லிங் (அதற்கு இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்பது) வேலை நடக்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவது கோடுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமே என்றுதான். அது தேவையே இல்லை. சிபிசி என்ற கோடர் சான்றிதழ் தேர்வுக்கே கோடு புத்தகங்களைக் கையோடு எடுத்துப் போகலாம். 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஒரு கிளெய்ம், அதாவது இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பும் விண்ணப்பம், எந்தெந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரே ஒரு விசிட்டை எடுத்துக்கொள்வோம்.

நோயாளிக்கு 68 வயது. மெடிகேர் பார்ட் பி, அதாவது முதியோருக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸில் டாக்டர் சேவைக்கான பகுதி, இருக்கிறது. வழக்கமாகப் போகும் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு வருகிறார். வலது முழங்காலில் பிரைமரி ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், அதாவது மூட்டுத் தேய்மானம். டாக்டர் மூட்டுக்குள் ட்ரையாம்சினலோன் 40 மி.கி. ஊசி போடுகிறார். அதே விசிட்டில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லை என்று கண்டு, மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுகிறார்.

நோயாளி வருவதற்கு முன்பே

பாதித் தொல்லை ரிசப்ஷனில் பிறக்கிறது. விசிட்டுக்கு ஓரிரு நாள் முன்பு எலிஜிபிலிட்டி (இன்ஷூரன்ஸ் செல்லுமா என்பது) பார்க்க வேண்டும். கேள்வி 270 என்ற மின்னணுப் படிவத்தில் போகும், பதில் 271-ல் வரும். பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, அடையாள எண். மெடிகேர் எண்ணில் 11 எழுத்து, எண்கள் கலந்து வரும். அதில் எஸ், எல், ஓ, ஐ, பி (B), இசட் ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. அட்டையில் 'ஓ' போலத் தெரிந்தால் அது பூஜ்யம். 'ஐ' போலத் தெரிந்தால் அது ஒன்று. இது தெரியாமல் தட்டச்சு செய்த கிளெய்ம்கள் வாசலிலேயே திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது, அவர் இருப்பது அரசின் ஒரிஜினல் மெடிகேரிலா, தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜிலா? அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறியவர்களும் பழைய சிவப்பு, வெள்ளை, நீல அட்டையையே நீட்டுவார்கள். அதை நம்பி மெடிகேருக்கு அனுப்பினால் சிஓ-109 டினையல் (மறுப்பு) வரும்: பணம் தர வேண்டியவர் நாங்கள் அல்ல என்று பொருள்.

மூன்றாவது, யார் பிரைமரி? 65 வயது தாண்டியும் அவரோ, கணவன் அல்லது மனைவியோ இன்னும் வேலை பார்த்து, அந்த நிறுவனத்தில் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிறுவன இன்ஷூரன்ஸ்தான் முதலில் தர வேண்டும். மெடிகேர் அதற்குப் பிறகு. குழந்தைகளுக்கு அம்மா, அப்பா இருவர் பாலிசியும் இருந்தால், வருடத்தில் யாருடைய பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவருடையது பிரைமரி. வயது யாருக்கு அதிகம் என்பது கணக்கில் வராது.

சார்ட்டிலிருந்து கோடு

சார்ட், அதாவது டாக்டரின் குறிப்பைப் படித்துக் கோடு போட மூன்று கோடுத் தொகுதிகள். ஏன் செய்தார்கள் என்பதற்கு ஐசிடி-10-சிஎம். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் இதுதான், வருடாவருடம் அக்டோபரில் புதுப்பிப்பு வரும். என்ன செய்தார்கள் என்பதற்கு சிபிடி. ஐந்து இலக்கம், ஜனவரி 1-ல் மாறும். ஊசி மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கு ஹிக்பிக்ஸ். ஓர் எழுத்தும் நான்கு எண்களும்.

டயக்னோசிஸிலிருந்து (என்ன நோய் என்பதிலிருந்து) தொடங்குங்கள். கோடு புத்தகத்தின் இண்டெக்ஸில் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், முழங்கால் என்று தேடி, பிறகு டேபுலர் (கோடுகளின் முழுப் பட்டியல்) பகுதிக்குப் போய் உறுதி செய்ய வேண்டும். வலது முழங்காலுக்கு எம்17.11. இண்டெக்ஸில் பார்த்த கையோடு எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கடைசி இலக்கம் விடுபடும். அல்லது டேபுலரில் இருக்கும் 'எக்ஸ்க்ளூட்ஸ் 1' குறிப்பு கண்ணில் படாது. அந்தக் குறிப்பு இருந்தால் இரண்டு கோடுகளும் பொதுவாகச் சேர்ந்து வரக்கூடாது.

வலது முழங்கால் வலிக்கு எம்25.561 என்று தனிக் கோடு உண்டு. இங்கே அதைச் சேர்க்காதீர்கள். தேய்மானம் என்றால் வலியும் அதற்குள் அடக்கம். மாறாக, டாக்டர் "ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸாக இருக்கலாம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அப்போது வலிக் கோடுதான் சரி. வெளிநோயாளிக்குச் சந்தேகத்தைக் கோடு செய்யக்கூடாது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட உள்நோயாளிக்கு இந்த விதி தலைகீழ்: டிஸ்சார்ஜ் சமயத்திலும் "இருக்கலாம்" என்றே எழுதியிருந்தால், இருப்பதாகவே கோடு செய்யலாம்.

ரத்த அழுத்தத்துக்கு ஐ10. முதலில் வருவது ஆங்கில எழுத்து, எண் ஒன்று அல்ல. கட்டுக்குள் இல்லை என்பதற்காக வேறு கோடு தேட வேண்டாம். ஆனால் சார்ட்டில் நாள்பட்ட சிறுநீரக நோயும் இருந்தால் ஐ10 போட முடியாது. டாக்டர் இரண்டையும் தொடர்புபடுத்தி எழுதாவிட்டாலும், தொடர்பில்லை என்று அவர் சொல்லாத வரை ஐ12 வரிசைக்குப் போக வேண்டும், கூடவே சிறுநீரக நோய்க்கான என்18.

அடுத்து செய்முறை. முழங்கால், தோள், இடுப்பு போன்ற பெரிய மூட்டுக்குள் அல்ட்ராசவுண்ட் இல்லாமல் ஊசி போட்டால் 20610. அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டு, படத்தைச் சேமித்து அறிக்கையும் எழுதியிருந்தால் 20611. அதில் அல்ட்ராசவுண்ட் அடங்கிவிடுகிறது, தனியாக 76942 சேர்த்தால் மறுப்பார்கள். இரண்டு முழங்காலிலும் போட்டால் மெடிகேருக்கு 20610-50 என்று ஒரே வரி, யூனிட் 1, டயக்னோசிஸ் எம்17.0. 50 என்பது இரண்டு பக்கமும் என்று காட்டும் மாடிஃபையர், அதாவது கோடின் பின்னால் சேர்க்கும் குறிப்பு. சில தனியார் இன்ஷூரன்ஸ்கள் ஆர்டி (வலது), எல்டி (இடது) என்று இரண்டு வரிகளாகக் கேட்கும்.

மருந்தில்தான் அதிகப் பணம் தொலைகிறது. ட்ரையாம்சினலோனுக்கு ஜே3301. அதன் விளக்கத்தில் "10 மி.கி.க்கு" என்று இருக்கும். போட்டது 40 மி.கி., ஆகவே யூனிட் 4. ஒரு ஊசிதானே என்று 1 போட்டால் முக்கால் பங்கு போச்சு; யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது டினையலாக வராது, பணம் வந்த மாதிரியே தெரியும். மில்லிகிராமையே யூனிட்டாக 40 என்று போட்டால் 400 மி.கி. கேட்டதாக ஆகி, மொத்த வரியும் மறுக்கப்படும். குப்பி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா என்றும் பாருங்கள். அப்படியானால், வீணாகாமல் முழுவதும் போட்டதற்கு ஜேஇசட் மாடிஃபையர் வேண்டும். 2023 ஜூலை 1 முதல் மெடிகேரில் இது கட்டாயம். 20 மி.கி. போட்டு மீதியைக் கொட்டியிருந்தால் 2 யூனிட் ஒரு வரி, கொட்டிய 2 யூனிட் ஜேடபிள்யூ மாடிஃபையரோடு இன்னொரு வரி. கொட்டியதைச் சார்ட்டில் எழுதியிருக்க வேண்டும். பல டோஸ் எடுக்கும் குப்பியானால் இந்த இரண்டும் பொருந்தாது.

மிச்சம் இருப்பது விசிட். மூன்று வருடத்துக்குள் அதே டாக்டரையோ, அதே குழுவில் அதே துறை டாக்டரையோ பார்த்தவர் பழைய நோயாளி. அவருக்கு விசிட் கோடு 99211 முதல் 99215 வரை. 2021 முதல் இந்த விசிட்டுகளின் நிலையை முடிவு செய்வது மருத்துவ முடிவின் சிக்கல், அல்லது மொத்த நேரம். வரலாறு எத்தனை வரி, எத்தனை உறுப்பு பரிசோதித்தார் என்று எண்ணிய காலம் போய்விட்டது. சிக்கலில் மூன்று அம்சம்: பிரச்சினை, பார்த்த தரவு, ஆபத்து. மூன்றில் இரண்டு எட்டினால் போதும். இங்கே கட்டுக்குள் இல்லாத நாள்பட்ட நோய் ஒன்று, அது மிதமான நிலை. மாத்திரையை மாற்றி எழுதினார், அது மருந்து மேலாண்மை, ஆபத்தும் மிதமான நிலை. ஆகவே 99214. பலர் பயந்து 99213 போடுகிறார்கள். குறைத்துக் கோடு செய்வதும் தவறான கோடிங்தான்.

இதோடு மாடிஃபையர் 25 வேண்டும். ஊசி போடலாம் என்று முடிவெடுத்த வேலை 20610-க்குள்ளேயே அடக்கம். அதற்கு மேல் தனியாக, கணிசமாக வேலை நடந்தால்தான் 25. ஊசி பற்றிய வரிகளை ஒரு கணம் மறைத்துவிட்டுச் சார்ட்டைப் படியுங்கள். மிச்சம் ஒன்றுமில்லை என்றால் விசிட் கோடே கிடையாது. வேறு டயக்னோசிஸ் இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை, ஆனால் இருந்தால் வாதம் சுலபம்.

ஆகக் கடைசியில் கிளெய்மில் போவது இவ்வளவுதான்:

99214-25, ஐ10, யூனிட் 1
20610-ஆர்டி, எம்17.11, யூனிட் 1
ஜே3301-ஜேஇசட், எம்17.11, யூனிட் 4

கிளெய்ம் கிளம்புகிறது

டாக்டர் பக்கத்துக்கு சிஎம்எஸ்-1500 படிவம், மின்னணுவில் 837பி. மருத்துவமனைக்கு யூபி-04, மின்னணுவில் 837ஐ. உள்நோயாளி என்றால் ஒவ்வொரு சேவைக்கும் தனிக் காசு இல்லாமல் டிஆர்ஜி என்ற ஒரே தொகை. அது தனிப் பாடம்.

படிவத்தில் 21-ஆம் கட்டத்தில் 12 டயக்னோசிஸ் வரை எழுதலாம். 24இ கட்டத்தில் எந்த வரி எந்த டயக்னோசிஸுக்கு என்று சுட்ட வேண்டும். விசிட் வரியை முழங்காலுக்குச் சுட்டிவிட்டால், சரியாகப் போட்ட 25-ஐயும் சந்தேகப்படுவார்கள். இடக் கோடையும் கவனியுங்கள்: கிளினிக் 11, மருத்துவமனை வளாக வெளிநோயாளிப் பிரிவு 22. 22-ல் நடந்ததற்கு 11 போட்டால் டாக்டருக்குக் கூடுதல் பணம் வரும். நல்லதுதானே என்று விட முடியாது, தெரியவந்ததும் திருப்பித் தர வேண்டிய கடன் அது.

கிளெய்ம் கிளியரிங்ஹவுஸ் (கிளெய்மைச் சரிபார்த்து அனுப்பும் இடை நிறுவனம்) வழியாகப் போகும். ரிஜெக்‌ஷனும் டினையலும் ஒன்றல்ல. ரிஜெக்‌ஷன் என்றால் பேயருக்குள், அதாவது பணம் தர வேண்டிய இன்ஷூரன்ஸுக்குள், கிளெய்ம் நுழையவே இல்லை. திருத்தி மறுபடி அனுப்பினால் போதும். டினையல் என்றால் பார்த்துவிட்டு மறுத்திருக்கிறார்கள். அதை அப்படியே மறுபடி அனுப்பினால் டூப்ளிகேட் என்று 18-ஆம் மறுப்புக் கோடு வரும். பேயர் ஏற்றுக்கொண்டதற்கு 277சிஏ அறிக்கைதான் சாட்சி. அதைச் சேமித்து வையுங்கள். மெடிகேருக்குச் சேவை நாளிலிருந்து ஒரு வருடம் கெடு. தனியார் ஒப்பந்தங்களில் பல 90 நாள், 180 நாள். கெடு தாண்டியதாக சிஓ-29 வந்தால், "அனுப்பினோம்" என்று சாஃப்ட்வேர் காட்டும் திரையை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மின்னணு கிளெய்முக்கு மெடிகேர் 14-ஆம் நாளுக்கு முன் பணம் விடுவிக்காது. பத்தாம் நாள் ஃபாலோ-அப் செய்வது வீண்.

835-ஐப் படிப்பது

எவ்வளவு தந்தார்கள், எதை ஏன் வெட்டினார்கள் என்று பேயர் அனுப்பும் மின்னணு அறிக்கை 835. மெடிகேர் கட்டணம் ஒவ்வொரு சிபிடிக்கும் உள்ள ஆர்வியூவிலிருந்து (சேவையின் மதிப்பைக் காட்டும் அலகு) வருகிறது. டாக்டர் உழைப்பு, கிளினிக் செலவு, வழக்குக் காப்பீடு என மூன்று பகுதி. ஒவ்வொன்றையும் ஊருக்கேற்ற குறியீட்டால் பெருக்கி, கூட்டி, கன்வர்ஷன் ஃபாக்டரால் (ஓர் அலகுக்கான டாலர்) பெருக்க வேண்டும். 2025-ல் அது சுமார் 32.35 டாலர். ஜே3301 போன்ற மருந்துகளுக்கு விலைப்பட்டியல் தனி.

20610 வரியை மட்டும் பார்ப்போம். கிளினிக் 200 டாலர் கேட்டது, மெடிகேர் அனுமதித்தது 70 என்று வைத்துக்கொள்வோம். வருட டிடக்டிபிளை, அதாவது மெடிகேர் தரத் தொடங்கும் முன் நோயாளி கட்ட வேண்டிய தொகையை (2025-ல் 257 டாலர்), நோயாளி ஏற்கெனவே கட்டிவிட்டார். 835-ல் இப்படி வரும்: சிஓ-45-ல் 130, பிஆர்-2-ல் 14, சிஓ-253-ல் 1.12, பணம் 54.88. கூட்டினால் 200 வர வேண்டும். வராவிட்டால் போஸ்டிங்கில் (வந்ததைக் கணக்கில் ஏற்றுவதில்) எங்கோ தப்பு.

முன்னால் நிற்கும் இரண்டெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சிஓ என்றால் டாக்டர் தள்ளுபடி செய்ய வேண்டியது, பிஆர் என்றால் நோயாளி கட்ட வேண்டியது. 130-ஐ நோயாளிக்கு பில் அனுப்பினால் விதிமீறல். 253 என்பது சீக்வெஸ்ட்ரேஷன்: மெடிகேர் தரும் 56 டாலரில் 2 சதவீத வெட்டு. அதையும் நோயாளி தலையில் கட்டக்கூடாது.

மறுப்பு வந்தால்

சிஓ-16 மட்டும் பார்த்து ஒன்றும் புரியாது. ஏதோ தகவல் குறைகிறது என்றுதான் அது சொல்கிறது. என்ன குறைகிறது என்பது கூடவே வரும் ரிமார்க் கோடில் இருக்கும். அது எம்ஏ130 என்றால் அப்பீலுக்கு உரிமை இல்லை, திருத்திப் புதுக் கிளெய்மாக அனுப்புங்கள். இது தெரியாமல் அப்பீல் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து கெடுவைத் தொலைப்பவர்கள் நிறைய.

99214-க்கு சிஓ-97 வந்தால் வேறொன்றில் அடங்கியதாகச் சொல்கிறார்கள். முதலில் 25 போனதா பாருங்கள். தனியார் பேயருக்கு 22-ஆம் கட்டத்தில் 7 என்றும் பழைய கிளெய்ம் எண்ணும் போட்டுத் திருத்திய கிளெய்ம் அனுப்பலாம். மெடிகேர் பார்ட் பி அந்த 7-ஐ ஏற்காது. எழுத்துப் பிழை வகையென்றால் ரீஓப்பனிங் (முடிந்த கிளெய்மை மறுபடி திறந்து திருத்துவது) கேட்க வேண்டும்.

சிஓ-50, மருத்துவத் தேவை இல்லை என்பது. அந்தப் பகுதிக்கான எல்சிடியில் (எதற்கு மெடிகேர் பணம் தரும் என்ற உள்ளூர் விதி) எந்த டயக்னோசிஸுக்கு அனுமதி என்று பாருங்கள். மறுப்பு வரலாம் என்று முன்பே தோன்றினால், சேவைக்கு முன் நோயாளியிடம் ஏபிஎன் (மெடிகேர் தராமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லும்) படிவத்தில் கையெழுத்து வாங்கி ஜிஏ மாடிஃபையர் போட வேண்டும். அப்போது மறுப்பு பிஆர்-50 ஆக வரும், நோயாளியிடம் கேட்கலாம். கையெழுத்து இல்லாவிட்டால் டாக்டர் கைக்காசு. பிறகு வாங்கிய கையெழுத்து செல்லாது.

மெடிகேரின் முதல் அப்பீல் ரீடிடெர்மினேஷன். மறுப்புத் தகவல் கிடைத்து 120 நாளுக்குள் அனுப்ப வேண்டும். நீளமான கடிதம் வேண்டாம். சார்ட்டில் மாத்திரை மாற்றிய வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சுட்டி, அந்தப் பக்கத்தை இணையுங்கள்.

பேயரைக் கூப்பிட்டால், "ப்ராசஸில் இருக்கிறது" என்ற பதிலோடு போனை வைக்காதீர்கள். கிளெய்ம் எண், பெற்ற தேதி, முடிவெடுத்த தேதி, மறுப்பென்றால் கோடும் ரிமார்க்கும், திருத்தவும் அப்பீலுக்கும் கெடு எத்தனை நாள், அனுப்ப வேண்டிய முகவரி அல்லது ஃபேக்ஸ், கால் ரெஃபரன்ஸ் எண். இவ்வளவும் நோட்ஸில் இருந்தால் அடுத்த ஷிப்டில் வருபவர் மறுபடி கூப்பிட வேண்டியதில்லை.

அந்த 14 டாலர்

பிஆர்-2 என்று வந்ததும் நோயாளிக்கு ஸ்டேட்மென்ட் அனுப்பத் துடிப்பார்கள். 835-ல் எம்ஏ18 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மெடிகேரே கிளெய்மை அவருடைய செகண்டரி இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிவிட்டது. நீங்களும் ஒன்று அனுப்பினால் அங்கே டூப்ளிகேட் ஆகும். செகண்டரி பதில் வரும்வரை 14 டாலரை அதன் பெயரிலேயே வைத்திருங்கள். அவர்கள் தராமல் விட்டது எவ்வளவோ அதற்கு மட்டும் நோயாளிக்கு ஸ்டேட்மென்ட்.