ஏஐயிடம் கேள்வி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் என்னிடம் சாட்பாட் செய்யக் கற்க வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, பாஸ்வேர்டைக் கோடிலேயே வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், ஒருமுறை அடிபட்டால் தானே திருந்திவிடும்.

சொல்லாமலே புரியும் என்று நினைப்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ரப்பர் விவசாயிகளுக்கு பாட் செய்த ஒரு பையன், 'மழைக்காலத்துக்கு எப்போது ரெயின் கார்டு ஒட்ட வேண்டும்?' என்று சோதித்தான். (ரெயின் கார்டு என்றால், மழைத்தண்ணீர் வெட்டில் இறங்காமல் மரத்தைச் சுற்றி ஒட்டுகிற பாலித்தீன்.) வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், செப்டம்பரில் ஒட்டுங்கள் என்று அழகாக வரிசை எண் போட்டுப் பதில் வந்தது. அவனும் சரி என்று டிக் அடித்துவிட்டான். எங்கள் மாவட்டத்து ரப்பர் ஊரான குலசேகரத்தில் பால் வெட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். இங்கே ஜூனிலேயே தென்மேற்கு மழை இறங்கிவிடும், அதற்கு முன்பே வெட்டுக்கு மேலே பாலித்தீனைச் சுற்றி ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை வழியாக வழிகிற தண்ணீர் சிரட்டைக்குள் போய்ப் பால் வீணாகும், நனைந்த மரத்தில் வெட்டவும் முடியாது. செப்டம்பர் வரை காத்திருந்தவனுக்கு ஒரு பருவத்துப் பால் போச்சு.

தமிழில் கேட்டதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குப் பொருந்துகிற விடையை மாடல் (பாட்டுக்குள் இருந்து பதில் எழுதுகிற ஏஐ) எடுத்துக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். விவரம் தெரிந்த மனிதரிடம் கேட்டிருந்தால், பேச்சை வைத்தே ஊரைப் பிடித்திருப்பார், இல்லையென்றால் 'தோட்டம் எங்கே?' என்றாவது கேட்டிருப்பார். மாடலுக்கு முன்னால் கிடப்பது நீங்கள் தட்டிய வரி மட்டும். விடுபட்டதை, தான் படித்த எழுத்தில் அதிகம் வந்ததை வைத்து நிரப்பிக்கொள்ளும், பெரும்பாலும் திருப்பிக் கேட்காது. அதனால் ஊர், மாதம், கேட்பவர் யார் என்பதையெல்லாம் வரியாகவே எழுதிக் கொடுங்கள். ஊர் தெரியாவிட்டால் முதலில் அதைக் கேள் என்றும் எழுதுங்கள்.

தேர்வில் தேறியதை நம்பி இருப்பது

ஒரு வாக்கியத்தில் வருகிற 'அவர்கள்' என்றால் யார் என்பதைச் சூழலை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிற வினோகிராட் சோதனையை ஹெக்டர் லெவெக் குழு 2012-இல் முன்வைத்தபோது அது ஏஐக்குப் பெரிய மலை. 2019 வாக்கில் மாடல்கள் அதில் சுமார் 90 சதவீதம் எடுத்துவிட்டன. ஆனால் அந்த மதிப்பெண் குலசேகரத்து மழையைப் பற்றி எதுவும் சொல்லாது.

இருப்பதையெல்லாம் கொட்டுவது

திட்டு வாங்கிய அதே பையன் மறுநாள் முழு ரப்பர் கையேட்டையும் உள்ளே தள்ளினான். நீண்ட உரையின் நடுவில் கிடக்கும் தகவலை மாடல்கள் தவறவிடுகின்றன என்று 2023-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். வேண்டிய பக்கத்தை மட்டும் கொடுங்கள்.

வாழைக்கு உரம் கேட்ட சாட்டிலேயே ரப்பருக்கும் கேட்பது

வேண்டாம். புது சாட் திறங்கள்.