உப்புத் தண்ணீரிலும் கச்சான் காற்றிலும் வீட்டுத் தோட்டம்: ராமநாதபுரம் கடற்கரைக்கான செய்முறை

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வதை மண்டபத்திலோ கீழக்கரையிலோ அப்படியே பின்பற்ற வேண்டாம். ஆடியில் இங்கே மழை கிடையாது, மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிற காலம் அது. நமக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வருகிறது. அதனால் கடற்கரைத் தோட்டத்துக்குப் புரட்டாசிதான் தொடக்கம். மானாவாரியில் நெல்லும் முண்டு மிளகாயும் போடுகிறவர்கள் நம்பியிருப்பதும் இந்தப் பட்டத்தைத்தான்.

விதை ஊன்றும் ஆழம், பூச்சிவிரட்டி தயாரிப்பு எல்லாம் எந்த ஊரிலும் ஒன்றுதான். அவற்றை விட்டுவிட்டு, இந்தக் கரைக்கே உரியதை மட்டும் எழுதுகிறேன்.

1. தண்ணீரை அளந்து பாருங்கள்

நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, பேனா அளவில் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை சில நூறு ரூபாய்தான். விதைக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் இது. அளவு 450 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 450 மில்லிகிராம்) கீழே இருந்தால் எதையும் வளர்க்கலாம். 450 முதல் 2000 வரை என்றால் செடியைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். 2000-ஐத் தாண்டினால் மழைநீரைச் சேமித்துக் கலந்து ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே கிணற்றில் மார்கழியில் ஒரு அளவும் சித்திரையில் அதைவிடக் கூடுதலாகவும் காட்டும், இரண்டு காலத்திலும் பாருங்கள்.

பீன்ஸ், கேரட், வெங்காயம், ரோஜா ஆகியவை உப்பைத் தாங்காது. கத்தரியும் மிளகாயும் ஓரளவு தாங்கும், தக்காளி அவற்றைவிடக் கொஞ்சம் மேல். தட்டைப்பயறு, கொத்தவரை, பீட்ரூட் மூன்றும் நன்றாகவே தாங்கும். பூவில் அரளி, நித்தியகல்யாணி, காகிதப்பூ.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது.

2. மண் கலவை

நம் மணலில் நீரும் நிற்காது, உரமும் நிற்காது. கண்மாய் வண்டல் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய ஆட்டெரு 1 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு சேருங்கள். 12 அங்குலச் செடி வளர்ப்புப் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். ஜிப்சம் போடச் சொல்வார்கள். அது சோடியம் ஏறி இறுகிய களிமண்ணுக்கான மருந்து, மணலுக்குத் தேவையில்லை.

‘கழுவிய’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தேங்காய் மட்டையிலேயே இயல்பாக உப்பு உண்டு. உவர்நீரில் ஊறவைத்த மட்டை என்றால் இன்னும் அதிகம். 5 கிலோ நார்க்கழிவுக் கட்டியை 25 லிட்டர் நீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், பிழிந்த நீரை மீட்டரில் பாருங்கள். ஊற்றிய நீரின் அளவுக்குப் பக்கத்தில் வரும்வரை நீரை மாற்றுங்கள். பெரும்பாலும் மூன்று அலசு பிடிக்கும். நாற்று முளைத்து இரண்டிலையோடு நின்றுபோனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

3. உப்பைக் கழுவி இறக்குவது

தோட்டம் நிற்பதும் போவதும் இந்தப் படியில்தான். செடி நீரைக் குடிக்கும், உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் அடிவரை நீர் இறங்காமல் உப்பு வேரைச் சுற்றியே சேரும். பையின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தெரிகிறதா? இலை ஓரம் கருகுகிறதா? தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றினால் அதனோடு உப்பும் கூடுகிறது.

செய்ய வேண்டியது இது. பைக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். முதலில் ஒரு லிட்டர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். காய்ந்த கலவையில் மொத்தமாகக் கொட்டினால் நீர் பையின் ஓரமாகவே ஓடிவிடும், வேர்ப்பகுதி நனையாது. பிறகு மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது கீழே வடிய வேண்டும். தினமும் சிறுகச் சிறுக ஊற்றுவதைவிட, மண் ஓரளவு காய்ந்த பின் இப்படி நிறைய ஊற்றுவது நல்லது.

மாதம் ஒரு முறை 12 அங்குலப் பைக்கு 20 லிட்டர் நிதானமாக விடுங்கள். கடைசியில் வடியும் நீர் மீட்டரில் காட்டும் அளவு, ஊற்றிய நீர் காட்டும் அளவைப்போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் போதும். உப்புத் தண்ணீரை வைத்தே உப்பைக் கழுவ முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். முடியும். பைக்குள் தேங்கிய நீர், கிணற்று நீரைவிடப் பல மடங்கு உப்பாக இருக்கும். கழுவும்போது தழைச்சத்தும் போய்விடும் என்பதால், இரண்டு நாள் கழித்துக் கடலைப் புண்ணாக்கு ஊறலைப் பத்து மடங்கு நீர் கலந்து கொடுங்கள்.

தரைப் பாத்தி போட்டவர்களுக்கு ஒன்று. கோடைக்குப் பின் வரும் முதல் சிறுதூறலை நம்பி நீர் பாய்ச்சுவதை நிறுத்தாதீர்கள். மேல்மண்ணில் படிந்த உப்பை அந்தத் தூறல் வேர்வரைதான் இறக்கும், அதற்குக் கீழே தள்ளாது. மழை விட்டதும் கூடவே நன்றாகப் பாய்ச்சுங்கள். ‘மழை பெய்த மறுநாள் செடி வாடியது’ என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

4. காற்று

சுற்றுச்சுவர் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சுவரைத் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றை உள்ளே விடும் தடுப்பே மேல். மேற்கிலும் தென்மேற்கிலும் பனையோலைப் படலோ 50 சதவீத நிழல்வலையோ கட்டுங்கள். எனக்குப் படல்தான் பிடித்தம். வலை காற்றில் படபடத்துக் கட்டிய இடத்திலேயே கிழியும்.

காற்று வரும் பக்கத்து இலைகளில் மட்டும் கருகல் இருந்தால் அது காற்றில் வந்த உப்பு. நல்ல தண்ணீரால் அதிகாலையில் இலையை அலசுங்கள். எல்லாப் பக்கமும் அடியிலைகளில் கருகினால் உப்பு வேரில் இருக்கிறது, மூன்றாம் படிக்குப் போங்கள்.

5. மாதம் பார்த்து

புரட்டாசியில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுவிடுங்கள். பீர்க்கு, புடலை, அவரையை நேரடியாக ஊன்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் புதிதாக விதைக்க வேண்டாம், நாற்று அழுகும். புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைச் சுவரோரம் நெருக்கி வைத்துக் கட்டுங்கள். மார்கழி, தையில் பீட்ரூட், கொத்தமல்லி, செண்டுமல்லி. மழைநீர் மண்ணைக் கழுவியிருப்பதால் முள்ளங்கியும் வரும். பங்குனி முதல் வைகாசி வரை கொத்தவரை, தட்டைப்பயறு, கீரை மட்டும் போதும். காய்ந்த இலைதழையால் மூன்று அங்குல மூடாக்கு அவசியம். ஆனி, ஆடியில் படலைச் சரிசெய்து எருவை மக்க வையுங்கள்.

மல்லிகைக்கு ராமநாதபுரம் குண்டுமல்லியே போதும். தங்கச்சிமடம் பகுதியில் நல்ல நாற்று கிடைக்கும். கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்தால் பங்குனியில் பூ தொடங்கும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை, சுண்ணாம்பு மிகுந்த நீரில் அடிக்கடி வரும். லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து மாலையில் தெளியுங்கள், பச்சை திரும்பும்வரை மாதம் ஒரு முறை.