மீன்தொட்டி டெஸ்ட் கிட்டின் நிறத்தை போன் கேமராவில் படிப்பது எப்படி?

மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் விஷமான அம்மோனியாவை டெஸ்ட் செய்துவிட்டு டியூபைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த அனுபவம் தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இருக்கும். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற அதிகம். இது மஞ்சளா, இளம்பச்சையா? நான் 0 என்பேன், தம்பி 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) என்பான். ஒரு நாள் ராத்திரி ஹாலில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்து, சுத்தமான மஞ்சள்தான், கவலையில்லை என்று படுத்துவிட்டேன். காலையில் கப்பி மீன் இரண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பால்கனியில் வைத்து மறுபடி டெஸ்ட் செய்தால் தெளிவான பச்சை, 0.5. மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சளும் மஞ்சள்பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம்தான் போனை எடுத்தேன். எடுத்த முதல் படம் கண்ணைவிட மோசம். போன் கேமரா நிறத்தை இருக்கிறபடியே பதிவதில்லை. வெளிச்சத்தைப் பார்த்து ‘வெள்ளை இப்படித்தான் இருக்கும்’ என்று அதுவாக ஒரு கணக்குப் போட்டு எல்லா நிறத்தையும் நகர்த்திவிடும். இதற்குப் பெயர் ஆட்டோ வைட் பேலன்ஸ். நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. ஒரே படத்துக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அது கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் நகர்த்தும். எனவே டியூப், கலர் கார்டு (கிட்டோடு வரும், எந்த நிறம் எந்த அளவு என்று கட்டம் போட்ட அட்டை), ஒரு வெள்ளைத் தாள் மூன்றும் ஒரே படத்தில் விழுந்துவிட்டால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடலாம். டியூபை மட்டும் தனியாகப் படம் எடுத்துப் பின்னால் கார்டோடு ஒப்பிடுவது வீண் வேலை.

முதலில் டெஸ்ட் ஒழுங்காக இருக்கட்டும்

கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சொட்டு தப்பினால் போச்சு. நான் வைத்திருப்பது ஏபிஐ என்ற கம்பெனியின் திரவக் கிட். அம்மோனியாவுக்கு 5 மில்லி தண்ணீரில் இரண்டு பாட்டிலிலிருந்தும் தலா 8 சொட்டு, 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். உங்கள் கிட் வேறு என்றால் அதன் தாளில் உள்ளபடி செய்யுங்கள். பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும்.

அம்மோனியா தொட்டியில் கடைசியாக மாறும் வடிவமான நைட்ரேட்டை டெஸ்ட் செய்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டாம் பாட்டிலில் உள்ள பொருள் அடியில் படிந்துவிடும். 30 விநாடி பலமாகக் குலுக்கிவிட்டு 10 சொட்டு விட்டு, அப்புறம் டியூபை ஒரு முழு நிமிடம் குலுக்க வேண்டும். சோம்பல்பட்டால் நைட்ரேட் குறைவாகவே காட்டும், நாமும் சந்தோஷமாக இருப்போம்.

நேரத்துக்கு போன் டைமரையே வையுங்கள். நிறம் நின்றுகொண்டே இருக்காது, ஏறிக்கொண்டே போகும். 5 நிமிடம் என்றால் அந்த 5-ஆவது நிமிடத்தில் படம்.

வெளிச்சமும் இடமும்

பகல், நேர் வெயில் படாத ஜன்னலோரம் அல்லது பால்கனி நிழல். இதைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாது. பக்கத்தில் பச்சைச் சுவரோ சிவப்பு வாளியோ இருந்தால் தள்ளி வையுங்கள். அதன் நிறம் டியூபில் எதிரொளிக்கும். நீங்கள் போட்டிருக்கும் சட்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டியூபின் வெளிப்புறத்தைத் துணியால் துடையுங்கள். கார்டின் வெள்ளைப் பகுதியில், நிறக் கட்டங்களுக்கு ஒட்டினாற்போல டியூபைச் சாய்த்து நிறுத்துங்கள். பக்கத்திலேயே ஒரு வெள்ளைத் தாள். இன்னும் கிட்டப் போய் எடுக்கலாமே என்று தோன்றும், போகாதீர்கள். போனின் நிழல் டியூப் மேல் விழும். ஓர் அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்தால் போதும்.

கேமரா அமைப்பு

ஃப்ளாஷ், ஹெச்டிஆர், நைட் மோட், ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். திரையில் டியூப் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வெள்ளைத் தாள் பளீரென்று வெளுத்துப் போகாமல் லேசான சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோட் இருந்தால் வைட் பேலன்ஸை ஒரே எண்ணில் நிறுத்திவைப்பது இன்னும் நல்லது.

என் அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, “மஞ்சளா பச்சையான்னு பாக்குறதுக்கு எதுக்குடா இவ்ளோ சடங்கு?” என்றார். நியாயமான கேள்விதான். மூன்று படம் எடுத்துப் பழகினால் மொத்தமும் அரை நிமிட வேலை.

எண்ணாகப் படிப்பது

ப்ளே ஸ்டோரில் ‘கலர் பிக்கர்’ என்று தேடினால் நிறைய ஆப் வரும். நேரடிக் கேமராவில் மட்டும் வேலை செய்வது வேண்டாம். எடுத்து வைத்த படத்தைத் திறக்கக்கூடியதாகப் பாருங்கள். தொட்ட இடத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 0 முதல் 255 வரை எண்ணாகக் காட்டும். கூடவே ‘ஹியூ’ என்று ஒரு எண் வரும், 0 முதல் 360 வரை. நமக்கு வேண்டியது அதுதான். 60 மஞ்சள், 120 பச்சை. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் ஹியூ அவ்வளவாக மாறாது.

முதலில் வெள்ளைத் தாளைத் தொடுங்கள். மூன்றில் எதுவாவது 255 என்று வந்தால் படம் வெளுத்துவிட்டது, திரும்ப எடுங்கள். 200-க்கும் 240-க்கும் இடையில், மூன்றும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் அருமை. அடுத்து டியூபின் நடுப்பகுதி. ஓரங்களில் தொடாதீர்கள், தண்ணீர் நிறைந்த உருளை ஒரு லென்ஸ் மாதிரி, ஓரத்தில் கருப்பும் பளபளப்பும்தான் இருக்கும். நடுவில் நான்கைந்து இடம் தொட்டுச் சராசரி எடுங்கள். கடைசியாகக் கார்டில் அதற்கு அக்கம்பக்கத்துக் கட்டங்கள்.

போன வாரத்துப் படத்தில் எனக்கு வந்தது இது: கார்டில் 0 கட்டத்தின் ஹியூ 55, 0.25 கட்டம் 70, டியூப் 66. 55-க்கும் 70-க்கும் இடையே 15 படி, அதில் டியூப் 11 படி தாண்டியிருக்கிறது. அதாவது முக்கால் தூரம், அம்மோனியா 0.2 பிபிஎம் பக்கம். இந்த எண்களை உங்கள் படத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் போனுக்கு வேறு வரும். தசமத்துக்கு அப்புறம் இரண்டாம் இலக்கத்தை நம்பாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 0.2-ஓ 0.18-ஓ, செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். போர் தண்ணீர் மாதிரி பிஹெச் 8 பக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம். 25 டிகிரியில் பிஹெச் 7-இல் அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது, 8-இல் அது 5 பங்குக்கு மேல் போய்விடும்.

கார்டைவிட நம்பகமானது

கார்டு மையால் அச்சடித்தது, டியூபில் இருப்பது வெளிச்சம் ஊடுருவும் திரவம். இரண்டும் முழுக்கப் பொருந்தாது. அதனால் நைட்ரேட்டுக்கு அளவு தெரிந்த திரவத்தை நாமே செய்து ஒப்பிடலாம். மீன்தொட்டிக்குள் செடி வளர்ப்பவர்களிடம் உரமாகப் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும். 1.63 கிராமை 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் 1000 பிபிஎம் நைட்ரேட். அதில் 1 மில்லியை எடுத்து 100 மில்லியாக்கினால் 10 பிபிஎம், 2 மில்லி எடுத்தால் 20, 4 மில்லி என்றால் 40. இந்த மூன்றையும் உங்கள் கிட்டிலேயே டெஸ்ட் செய்து, தொட்டித் தண்ணீர் டியூபோடு வரிசையாக நிறுத்தி ஒரே படம் எடுங்கள். எண் பார்க்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்துவிடும். கிராம் தராசு 0.01 வரை காட்டுவதாக இருக்கட்டும்.

சிக்கும் இடங்கள்

நைட்ரேட் 40, 80 இரண்டும் கேமராவுக்கு ஒரே சிவப்புதான். தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் மூன்று பங்கு கலந்து டெஸ்ட் செய்து, வந்த எண்ணை 4-ஆல் பெருக்குங்கள்.

பிஹெச் எப்போது எடுத்தாலும் அதே நீலமா? சாதாரண பிஹெச் டெஸ்ட் 7.6-ஓடு நின்றுவிடும். உங்கள் தண்ணீர் அதைத் தாண்டியிருக்கலாம், அதிக பிஹெச்சை அளக்கும் ஹை ரேஞ்ச் பாட்டிலை எடுங்கள்.

போனில் ராத்திரி தானாக வரும் ‘ஐ கம்ஃபர்ட்’ மோட் திரையை மஞ்சளாக்கும். பிக்கர் எண் மாறாது, ஆனால் படத்தைக் கண்ணால் ஒப்பிடுபவர்கள் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

படங்களைத் தனி ஆல்பத்தில் போட்டு வையுங்கள். தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும். டெஸ்ட் முடிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் திரும்ப ஊற்றிவிடாதீர்கள். அதில் அமிலமும் காரமும் இருக்கிறது. சிங்க்கில் கொட்டி நிறையத் தண்ணீர் விடுங்கள், டியூபைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.